“கிளாஸ்ல உட்கார முடியல சார்”: கல்லூரி வகுப்பறைப் புகார்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வடசென்னையில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் பராமரிப்பைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். கிழக்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மேற்கே கால்வாய். நடுவில் எங்கள் மூன்று மாடிக் கட்டடமும், அதன் பின்னால் ஒரு பழைய சுண்ணாம்புக் கட்டடமும். புகார் நோட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: “ஏசி வேலை செய்யல.” ஏசி இல்லாத அறையென்றால் “ஃபேன் சரியில்ல.” போய்ப் பார்த்தால் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும், ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும்.

அதனால் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: “எத்தனை மணிக்கு?” ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். முதல் பீரியடிலேயே தலைவலி என்றால் அது ஒரு காரணம். பாடம் தொடங்கி அரை மணி கழித்து என்றால் இன்னொன்று. மேல்மாடியில் மூன்று மணிக்கு மட்டும், மழை நாளில் மட்டும், கரண்ட் போனால் மட்டும், லீவு முடிந்த திங்கட்கிழமை மட்டும் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் கைகாட்டும்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. இரண்டு சாதாரண தெர்மாமீட்டர், டார்ச், ஒரு கட்டு ஊதுபத்தி, பாலிதீன் தாள், ஒட்டும் டேப், டெஸ்டர்.

## “மூச்சு முட்டுது, தூக்கம் தூக்கமா வருது”

வகுப்பு தொடங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். இருபது முப்பது நிமிடத்தில் பின்வரிசை சாயத் தொடங்கும். புகார் மட்டும் “ஏசி பத்தல” என்று வரும்.

உள்ளே போனதும் ஏசியைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். எல்லாம் அடைத்திருந்தால் விடை கிடைத்த மாதிரிதான். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. இதை நம்பாத பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே தொங்கும் பெட்டி காற்றை உறிஞ்சி உள்ளே அனுப்புகிறது என்று நினைப்பு. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை.

எங்கள் வகுப்பறை முப்பதடிக்கு இருபத்து மூன்றடி, உயரம் பதினோரு அடி, உள்ளே அறுபது பேர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். காற்று போக்குவரத்தே இல்லையென்றால் அந்த அறையில் அதன் அளவு பத்து நிமிடத்தில் இன்னும் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) மேல் கூடும். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம். ஆக, அட்டெண்டன்ஸ் எடுத்து முடிப்பதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறோம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்துவையுங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தால் காரணம் காற்றுதான். மதியம் இரண்டு மணிக்கும் நிமிரவில்லையென்றால் கேன்டீன் சாம்பார் சாதத்தைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

காற்றுதான் காரணம் என்றால்: ஏசி ஓடும்போதும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்துவைத்து, இடைவேளையில் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லுங்கள். கரண்ட் வீணாகும் என்று ஒரு குரல் கட்டாயம் எழும். கொஞ்சம் வீணாகத்தான் செய்யும்.

ஜன்னல் திறக்க வரவில்லை என்றால்: இதுதான் எங்கள் பக்கத்து வியாதி. உப்புக் காற்றில் இரும்புக் கீலும் கொக்கியும் இறுகிப்போகும். அதன்மேல் வருடாவருடம் பெயிண்ட் அடித்து மொத்தமாக ஒட்டிவிடுவார்கள். கத்தியால் பெயிண்ட் விளிம்பைக் கீறி, கீலில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கீலையே மாற்றுங்கள், இரும்பில் மறுபடி போடாதீர்கள். ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை நகர்த்துங்கள். கொசுவலையையும் பாருங்கள். கால்வாய்ப் பக்கத்து அறைகளில் கொசுவலை இல்லாமல் முடியாது. ஆனால் லாரித் தூசி அடைத்த வலை துணித்திரை மாதிரி ஆகிவிடும். கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசினாலே காற்று வரும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, பலனில்லை என்றால்: ஊதுபத்தியைக் கொளுத்தி ஃபேனுக்கு ஒரு முழம் முன்னால் பிடியுங்கள். புகை ஃபேனை நோக்கி ஓட வேண்டும். அசையாமல் நின்றால் வெளிப்பக்க இதழ்கள் துருப்பிடித்து மூடியிருக்கும். உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் (சிரிக்காதீர்கள், இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறேன்). இரண்டும் இல்லையென்றால் கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த ஃபேனும் வெளியே தள்ளாது.

சென்ட்ரல் ஏசி என்றால்: வெளிக்காற்று வரும் பலகை திறந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து யாரோ எப்போதோ மூடிவைத்திருப்பார்கள். அதைத் தாண்டிய வேலையெல்லாம் ஒப்பந்தக்காரருடையது.

கரியமில வாயு மீட்டர் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. மலிவாக விற்பதில் பல, அந்த வாயுவை அளக்கவே அளக்காது. வேறெதையோ அளந்து எண்ணை ஊகித்துக் காட்டும். கைகழுவும் சானிடைசர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எண் எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல மீட்டரில் ஆயிரத்துக்குள் இருந்தால் பேசாமல் இருக்கலாம். ஆயிரத்தைந்நூறைத் தாண்டினால் ஜன்னலுக்கு ஓடுங்கள்.

கரண்ட் போகும்போது மட்டும் தலைவலி, குமட்டல் என்றால்: இங்கே சோதனை கிடையாது. ஜெனரேட்டர் புகை எந்த ஜன்னல் வழியாகவோ உள்ளே வருகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை சுற்றினால் அறையைக் காலிசெய்து, ஜெனரேட்டரை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள். புகைக்குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோவது அதற்கப்புறம் பார்க்க வேண்டிய வேலை, ஆனால் அதே வாரத்தில் முடிய வேண்டும்.

## “ஏசி ஓடுது, குளிரவே இல்ல”

காலை முதலே இப்படியா, மதியம் மட்டுமா?

மதியம் மட்டும் என்றால் பெரும்பாலும் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளிவிடும். அறுபது பேர் என்றால் 6,000 வாட். ஒரு டன் ஏசி அகற்றுவது 3,500 வாட். பிள்ளைகளைக் குளிரவைக்கவே ஒன்றே முக்கால் டன் போய்விடுகிறது. அதற்கு மேல் வெயில், கூரை, ப்ரொஜெக்டர். நாற்பது பேருக்குப் போட்ட ஏசியில் எழுபது பேரை உட்காரவைத்துவிட்டு மெக்கானிக்கைத் திட்டக் கூடாது. மேற்குப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே நிழல் கொடுங்கள். உள்ளே திரை போடுவது அதில் பாதிப் பலன்கூடத் தராது. கூடவே ஃபேனையும் ஓடவிடுங்கள்.

மதியம் வோல்டேஜும் இறங்கும். கத்திரி வெயிலில் தெருவே ஏசி போடும் நேரத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே போனால் கம்ப்ரசர் திணறும், நின்று நின்று கிளம்பும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி உங்கள் பேனலில் லோடு சமமாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே மின்வாரியத்துக்குப் போங்கள்.

நாள் முழுக்க என்றால் ரிமோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வெறும் ஃபேன் மோடில் விட்டுவிட்டு “குளிரல” என்று எழுதிய புகார்களுக்குக் கணக்கே இல்லை. அடுத்தது ஃபில்டர். லாரி ரோட்டுப் பக்கத்து அறைகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுகிறோம். மாதத்துக்கு ஒரு முறை என்று கையேட்டில் இருந்தாலும் அதை எழுதியவர் எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்திருக்க மாட்டார். பிறகு வெளிப் பெட்டி. அதன் முன்னால் கல்லூரி விழா பேனர் கட்டியிருக்கிறதா, பின்னால் புறா கூடு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு வெளியேற வழி விட்டாலே பல ஏசிகள் திருந்திவிடும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையென்றால் தெர்மாமீட்டரை எடுங்கள். ஒன்று ஏசி காற்றை இழுக்கும் மேல்பக்கம், ஒன்று காற்று வரும் வாயில். கால் மணி நேரம் ஓடிய பிறகு இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்தால் ஏசி நன்றாக வேலை செய்கிறது, அறைதான் அதற்குப் பெரிது. ஐந்தோ ஆறோதான் என்றால் உள்ளே கோளாறு. செம்புக் குழாயில் பனி படிந்திருந்தால் ஃபில்டர் அடைப்பாக இருக்கும், அல்லது கேஸ் குறைந்திருக்கும். ஃபில்டரைத்தான் கழுவிவிட்டீர்களே.

இங்கேதான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இங்கேதான் ஏமாறுவதும். “கேஸ் தீர்ந்துபோச்சு சார், ரொப்பிடலாம்” என்பார். வண்டியில் பெட்ரோல் தீர்வது மாதிரி ஏசியில் கேஸ் தீராது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கடல் பக்கம் உப்பும், கால்வாய்ப் பக்கம் சாக்கடை வாயுவும் சேர்ந்து காயிலை, அதாவது கேஸ் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளை, அரிக்கின்றன. செம்பு கறுத்துப்போய் ஊசிமுனை ஓட்டை விழுகிறது. நைட்ரஜன் அடித்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ். இதைச் செய்யாமல் ரொப்பினால் அடுத்த சித்திரையிலும் அவர் வருவார். புது ஏசிகளில் இருக்கும் ஆர் 32 கேஸ் தீப்பற்றக்கூடியது என்பதால் அடைத்த அறையில் பற்றவைப்பு வேலை கூடாது. காயில் இரண்டாம் முறை ஓட்டையானால் மாற்றிவிடுங்கள். வாங்கும்போதே பூச்சு பூசிய காயிலாகக் கேட்டு வாங்குங்கள்.

## “ஏசியிலிருந்து தண்ணி சொட்டுது”

பயப்பட ஒன்றுமில்லை. காற்றிலிருக்கும் ஈரம்தான் அது. ஈரம் கூடிய நாளில் நிறைய வரும். வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். வெளிமுனையில் வாய் வைக்காமல், பம்ப்பால் உறிஞ்சி எடுங்கள். குழாயின் முனை பக்கெட் தண்ணீரில் மூழ்கியிருந்தால் வெளியே எடுங்கள். குழாய் வழியில் எங்காவது மேலே ஏறி இறங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும். இவ்வளவுக்குப் பிறகும் சொட்டினால் உள் பெட்டி சாய்ந்திருக்கிறது, மெக்கானிக் வேலை. சொட்டு விழும் இடத்தில் ப்ளக் பாயின்ட் இருந்தால் மட்டும் முதலில் அதற்குக் கரண்ட் போகும் எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிடுங்கள்.

## “மேல்மாடியில உட்கார முடியல” (ஏசி இல்லாத அறை)

மூன்று மணிக்கு மேல்மாடியில் மட்டும் என்றால் கூரை. காங்கிரீட் தளம் காலையெல்லாம் வெயிலைக் குடித்து, பிற்பகலில் கீழே கக்குகிறது. கையை உயர்த்தினாலே வெக்கை தெரியும். எல்லா மாடியிலும் என்றால் காற்றோட்டம்.

ஃபேனிலிருந்து தொடங்குங்கள். அஞ்சில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால் ஃபேனின் கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போயிருக்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். இறக்கையில் படிந்த அழுக்கைத் துடையுங்கள். எங்கள் பின்கட்டடம் மெட்ராஸ் டெர்ரஸ் கூரை: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டியது, பதினாறடி உயரம். யாரோ புது ஃபேனை ஒரு சாண் கம்பியோடு அந்த உயரத்திலேயே மாட்டிவிட்டுப் போனார். ஃபேன் சுழல்கிறது, கீழே ஒரு தாள்கூட அசையவில்லை. “இன்னாண்ணா, காத்து மேலயே குடும்பம் நடத்துது” என்றான் ஒரு பையன். நீளக் கம்பி போட்டு இறக்கை தரையிலிருந்து ஒன்பதடியில் வருமாறு இறக்கினோம். புகார் நின்றது.

கம்பி மாட்டும்போது கொக்கியைப் பாருங்கள். உப்புக் காற்று அதைப் பாதியாகத் தின்றிருக்கலாம். துரு உதிர்ந்து கொக்கி மெலிந்திருந்தால் அன்றைக்கே ஃபேனை இறக்குங்கள். இதில் நாளை என்ற பேச்சு கூடாது.

கூரைக்கு, முதலில் மொட்டைமாடியைப் பெருக்கி, வெடிப்புகளை அடைத்து, வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பே போதும், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டும். வெயில் பிரதிபலிக்கும் பெயிண்ட் சில வருடம் தாங்கும். தட்டோடு பதிப்பது அடுத்த படி, செலவும் அடுத்த படி. அதற்குக் கட்டடப் பொறியாளர் தளத்தின் பாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காற்றோட்டத்துக்குக் கடற்காற்றின் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலையில் மேற்கிலிருந்து அனல் வீசும். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் திசை மாறிக் கடற்காற்று நுழையும். அதுவரை மேற்கு ஜன்னலை மூடி, பிறகு கிழக்கைத் திறந்தால் அறை இறங்கும். எங்கள் சங்கடம், அந்தக் கடற்காற்று லாரி ரோட்டைத் தாண்டித்தான் வருகிறது.

## “கருப்புத் தூசி, இருமல்”

ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து நிறம் பாருங்கள். மை போலக் கறுப்பு, ஒட்டும் தன்மை என்றால் டீசல் புகைக்கரி, வெளியிலிருந்து வருவது. சாம்பல் நிற மணல் பக்கத்துக் கட்டட வேலை. வெள்ளை என்றால் சாக்பீஸ் அல்லது உதிரும் சுவர், உள்ளூர்ச் சரக்கு.

உள்ளூர்ச் சரக்குக்குத் துடைப்பத்தை நிறுத்தி ஈரத்தால் துடைக்கச் சொல்லுங்கள். அதுவும் வகுப்புக்கு முன் வேண்டாம், மாலையில்.

வெளிக்கரிக்கு: ரோட்டுப் பக்க ஜன்னலை லாரி நெரிசல் நேரத்தில் மூடி, உள்முற்றப் பக்கத்தைத் திறங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ராயபுரம், கொடுங்கையூர், மணலி நிலையங்களின் அளவு தெரியும். 24 மணி நேரச் சராசரியில் பிஎம் 2.5 நுண்தூசிக்கு நம் நாட்டு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. அறுபதைத் தாண்டிய நாளில் விளையாட்டு வகுப்பை உள்ளே மாற்றச் சொல்லலாம். ஆனால் ஜன்னலை நாள் முழுக்க அடைத்தால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போவோம். இரண்டுக்கும் நடுவில் மணி பார்த்துத்தான் திறந்து மூட வேண்டும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கித் தருகிறோம் என்று முன்னாள் மாணவர்கள் வந்தால் சந்தோஷம், ஆனால் வீட்டு மாடலை வாங்காதீர்கள். எங்கள் வகுப்பறையின் கொள்ளளவு இருநூறு கனமீட்டருக்கு மேல். மணிக்கு நாலைந்து தடவை அந்தக் காற்று வடிகட்டியின் வழியாகப் போக வேண்டுமென்றால் 900 கனமீட்டர் அளவுக்குத் தள்ளும் திறன் வேண்டும். படுக்கையறை மாடல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். யாருக்காவது மூச்சிரைப்பு இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் ஓரமாக இருக்கட்டும், முதலில் டாக்டர்.

## “நாத்தம் தாங்கல”

என்ன மாதிரி நாற்றம், எப்போது? இந்த இரண்டையும் கேட்காமல் பினாயில் ஊற்றக் கூடாது.

அழுகிய முட்டை, லீவு முடிந்த முதல் நாள்: கழிவறை அல்லது லேபின் தரைச் சல்லடையைத் திறந்து டார்ச் அடியுங்கள். பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடை வாயுவுக்குக் கதவு. லீவில் காய்ந்துபோகும். ஒரு பக்கெட் தண்ணீர், வேலை முடிந்தது. மே மாத விடுமுறையில் வாரம் ஒரு தடவை ஊற்ற ஆள் வையுங்கள்.

அதே நாற்றம், தண்ணீர் இருக்கிறது, மழை பெய்தது: சாக்கடை எதிர்த்து வருகிறது. அறையின் தரைச் சல்லடைகளை மூடிவிட்டுக் குடிநீர் வாரியத்தின் 1916-க்குச் சொல்லுங்கள். மேன்ஹோலுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், உயிர் போகும் வேலை.

அதே நாற்றம், யுபிஎஸ் அறைப் பக்கம்: பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டாம். அங்கே தீப்பற்றும் வாயுவும் சேர்ந்திருக்கும், உள்ளே ஸ்விட்ச் போடக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு, வெளியில் இருக்கும் பேனலில் சார்ஜை நிறுத்தி, யுபிஎஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கேன்டீன் பக்கம் கேஸ் வாடை: சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். ஸ்விட்சைத் தொடாமல் சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, ஆட்களை வெளியேற்றி 1906-ஐ அழையுங்கள்.

ஏசி போட்டவுடன் ஈரத்துணி வாடை: காயிலில் பூசணம். ஃபில்டரைக் கழுவி, மெக்கானிக்கை வைத்துக் காயிலைத் தண்ணீரடித்துச் சுத்தம் செய்யுங்கள். வாசனை ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தை நான் தடைசெய்துவிட்டேன். ஒரு நாற்றம் இரண்டாகிறது, வேறொன்றும் இல்லை.

புது மேஜை, புது பெயிண்ட், முதல் பீரியடில் கண் எரிச்சல்: ராத்திரியெல்லாம் அடைத்த அறையில் பிளைவுட் பசையின் வாயு சேர்ந்திருக்கிறது. வாட்ச்மேன் காலை ஆறரைக்கே ஜன்னல்களைத் திறக்கட்டும். பெயிண்ட் வேலையை லீவின் தொடக்கத்தில் வையுங்கள், முடிவில் அல்ல.

கெமிஸ்ட்ரி லேப்: ஆவியை வெளியே இழுக்கும் புகைப்பெட்டியின் கண்ணாடியை அரையடி திறந்து, ஒரு டிஷ்யூத் தாளை வாயில் தொங்கவிடுங்கள். உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் பூட்டிவிட்டு எழுதி ஒட்டுங்கள், கம்பெனி ஆள் வரும்வரை அமிலச் சோதனை வேண்டாம்.

வெளியிலிருந்து, காற்றடிக்கும் திசையைப் பொறுத்து: மேல்காற்று மாதங்களில் காலையில் குப்பைப் புகை என்றால் அந்தப் பக்க ஜன்னலை மூடி, மாநகராட்சியின் 1913-இல் நேரத்தோடு பதிவுசெய்யுங்கள். காசிமேட்டு மீன் வாடையை மட்டும் இதுவரை யாரும் நோட்டில் எழுதியதில்லை. அது நாற்றமல்ல, ஊர்.

கண்ணையும் தொண்டையையும் அறுக்கும் நெடி, பலருக்கு ஒரே நேரத்தில்: இங்கே காரணம் தேடக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளி மாணவிகள் ஏதோ நெடியால் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆகவே “ஒண்ணுமில்ல, உட்காருங்க” என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. நெடி வெளியிலிருந்து வந்தால் ஜன்னலையும் எக்ஸாஸ்டையும் மூடி, ஈரத்துணியால் மூக்கை மூடவையுங்கள்; வெளியேற நேர்ந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள். கட்டடத்துக்குள்ளிருந்து வந்தால் வெளியேற்றுங்கள். எதுவானாலும் 112. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிவையுங்கள், விசாரணையில் முதல் கேள்வி அதுதான்.

## “சுவர் ஊறுது, பூசணம் பிடிக்குது”

எங்கே ஈரம் என்று உயரம் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள், வெள்ளை உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். நடுச்சுவரில் ஒரு திட்டு என்றால் பின்னால் குழாய் இருக்கிறது. மேலே, மழைக்குப் பிறகு என்றால் மொட்டைமாடி. ஏசி அறையின் மறுபக்கச் சுவர், வருடம் முழுக்க வியர்க்கிறது என்றால் குளிர்ச்சி.

சந்தேகமிருந்தால் ஒரு சதுர அடி பாலிதீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. பின்னதற்குச் செலவில்லை: அந்த ஏசியை 18-இலிருந்து 24-க்கு ஏற்றுங்கள், பக்கத்து அறையின் ஜன்னலைத் திறங்கள், சுவரை ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு சாண் தள்ளுங்கள்.

குழாயென்றால் ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி டேங்க் மட்டத்தைக் குறித்துக்கொண்டு காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் பிளம்பர். மொட்டைமாடியென்றால் முதலில் மழைநீர்க் குழாயின் வாயிலிருக்கும் இலையும் புறா இறகும். ஐப்பசிக்கு முன் அதை எடுத்தாலே போதும் என்கிற கட்டடங்கள் நிறைய.

நிலத்து ஓதம்தான் கஷ்டம். நம் பக்கம் நிலத்தடி நீர் உவர், மட்டமும் உயரம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எங்கள் பின்கட்டடத்தில் மூன்றடியில் இருந்த ஓதத்தைச் சிமென்ட் பூசி ஐந்தடிக்கு ஏற்றிய பெருமை எனக்கே உண்டு. சுண்ணாம்பிலேயே பூசுங்கள், தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

பூசணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், அறையெங்கும் பரவும். முகக்கவசம், கையுறை, சோப்புத் தண்ணீர், துணி. பத்து சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைத்துச் செய்யுங்கள். காரணத்தை அடைக்காமல் பெயிண்ட் அடித்தால் மார்கழிக்குள் திரும்ப வரும்.

மேல்தளத்தில் கம்பி தெரிகிறது, காங்கிரீட் சில்லு விழுகிறது என்றால் இது பராமரிப்பு வேலை அல்ல. அறையைப் பூட்டி, ஸ்ட்ரக்சுரல் பொறியாளரை அழையுங்கள்.

## “போர்டு தெரியல”, “பின்னாடி கேக்கல”

போர்டில் பளபளப்பு காலையில் மட்டும் என்றால் கிழக்கு வெயில், ஒரு திரை போதும். நாள் முழுக்க என்றால் போர்டுக்கு நேர் மேலிருக்கும் விளக்கை இடம் மாற்றுங்கள். எல்.இ.டி. மினுக்கினால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ‘டிரைவர்’ என்ற சின்னப் பெட்டியை மாற்ற வேண்டும்.

கேட்கவில்லை என்றால் காலி அறையில் ஒரு கைதட்டு. சத்தம் ‘டங்’ என்று இழுத்தால் எதிரொலி. பின்சுவரில் துணி போர்த்திய நோட்டீஸ் போர்டுகள் வையுங்கள். தெர்மகோல் ஒட்டாதீர்கள், சத்தத்தை உறிஞ்சாது, தீ பிடித்தால் உருகிச் சொட்டும். இழுக்கவில்லையென்றால் ஃபேன் பேரிங், அல்லது வெளியே லாரி ஹாரன். கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலில் 50 டெசிபெல்தான் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. லாரிக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

## “அவளுக்குக் குளிருது, எனக்கு வேர்க்குது”

ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு புகார். இயந்திரக் கோளாறே இல்லை. ஏசி வாய்க்கு நேரே இருப்பவர்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்வார்கள், மூலையிலிருப்பவர்கள் ரெக்கார்டு நோட்டால் விசிறிக்கொள்வார்கள், ரிமோட் 18-க்கும் 28-க்கும் இடையில் ஊஞ்சலாடும். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பல சாதாரண ஏசிகளில் வெறும் நம்பிக்கை. அதே வேகத்தில்தான் குளிரும், நிற்க நேரமாகும்.

காற்றுவாயின் இதழை மேலே பார்த்துத் திருப்புங்கள், குளிர்காற்று தலைக்கு மேலாகப் போய் இறங்கட்டும். 24 அல்லது 25-இல் வைத்து, எல்லா ஃபேனையும் இரண்டாம் எண்ணில் சுற்றவிடுங்கள். அப்படியும் தீராத ஒரு வகுப்பில் ரிமோட்டை நான் வாங்கி அலுவலகத்தில் வைத்தேன். மறுநாள் ஒரு பெண் வந்து நின்றாள். “அண்ணா, ரிமோட் வேணாம். எனக்கும் அவளுக்கும் சீட்ட மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, மேடம்கிட்ட.” மேடத்திடம் சொன்னேன். அந்த அறைப் புகார் நோட்டில் அதற்குப் பிறகு வரவில்லை.